ஊர் என்னும் ஒரு சொல்

தலைநகர் தில்லியில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பம் ஒன்றை நாம் அறிவோம். தந்தையாருக்கு அரசாங்கப் பணி. பத்து வயதுடைய மகள் அங்கேயே பிறந்து, அங்கேயே பள்ளியில் பயில்பவள். வீட்டில் நன்றாகத் தமிழ் பேசுவாள், எழுதுவதுதான் அரிது. மகளுக்கு எழுத்துப் பழக்கம் வரவேண்டும் என்று கருதிய தந்தையார், நாகர்கோவிலை அடுத்த சிற்றூர் ஒன்றில் இருக்கும் ஆச்சிக்குக் கடிதம் எழுதும்படி சொன்னார். சிறுமியும் முயன்று எழுதினாள்: "அன்புள்ள ஆச்சி, கோடை விடுமுறையில் நாங்கள் ஊறுக்கு வருகிறோம்."

பத்து நாளில் மறுமொழி வந்தது. "மாங்காய்தான் அம்மா ஊறும். நீ ஊருக்கு வா" என்று ஆச்சி எழுதியிருந்தார். வீட்டார் அனைவரும் சிரித்தனர்; சிறுமியும் சிரித்தாள். சிரித்து ஓய்ந்தபின் அவள் ஒரு கேள்வி கேட்டாள்: "அப்பா, ஆச்சி இருக்கும் இடம் ஊர். அப்படியானால் நாம் இருக்கும் இடம் என்ன? தில்லி ஊர் இல்லையா?"

தந்தையாரால் உடனே விடை சொல்ல இயலவில்லை. ஆண்டுதோறும் பெட்டி கட்டும்போது, "ஊருக்குப் போகிறோம்" என்று அண்டை வீட்டாரிடம் சொல்லி வந்தவர் அவரேதான். போகும் இடம் ஊர் என்றால், வருடத்தில் பதினொரு மாதம் வாழும் இடத்திற்குப் பெயர் என்ன?

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம் போன்றோர் வீடுகளில் இக்கேள்வி என்றேனும் ஒருநாள் எழாமல் இராது. அதற்கு விடை காண முயல்வோர், 'ஊர்' என்னும் இச்சின்னஞ்சிறு சொல்லுக்குத் தமிழில் எத்தனை பொருள் உண்டு, அது எங்கெங்கு எவ்வாறு வழங்குகிறது என்று அறிந்துகொள்வது நலம். நாள்தோறும் நாவில் புழங்கும் சொல் ஆதலால் நாம் அதனை நின்று நோக்குவதில்லை. இன்று சற்றே நின்று நோக்குவோம்.

முதலில் எழுத்தைத் திருத்திக்கொள்வோம். ஊர் என்பது இடையின ரகரத்தில் முடியும் சொல். பேச்சில் நாம் உகரம் சேர்த்து 'ஊரு' என்கிறோம். வல்லின றகரம் பெற்ற 'ஊறு' வேறு சொல். அரிசி நீரில் ஊறுகிறது. கிணற்றில் நீர் ஊறுகிறது. மாங்காய் உப்பில் ஊறுகிறது. 'ஊற்று' என்பதும் 'ஊறுகாய்' என்பதும் அதன் வழி வந்தவை. பெயர்ச்சொல்லாக நிற்கும்போது ஊறு என்பதற்குத் தீங்கு என்று பொருள். 'இடையூறு' என்னும் சொல்லில் அதனைக் காணலாம். தமிழகத்தின் பெரும்பகுதியில் இவ்விரு ஒலிகளும் பேச்சில் ஒன்றாகிவிட்டன. குமரி மாவட்டத்தார் நாவில் மட்டும் இன்றும் வேறுபாடு தெளிவாகக் கேட்கும். ஆகவேதான் ஆச்சிக்கு அப்பிழை உடனே உறுத்தியது. நீர் சேர்ந்து நனைவது ஊறு, மக்கள் சேர்ந்து வாழ்வது ஊர் என்று சொல்லிக்கொடுத்தால் குழந்தைகள் மறவார்.

'ஊர்' என்று ஒரு வினைச்சொல்லும் உண்டு. எறும்பு ஊர்கிறது, பாம்பு ஊர்கிறது. "எறும்பு ஊரக் கல்லும் தேயும்" என்பது நாம் எல்லோரும் அறிந்த பழமொழி. பழந்தமிழில் இவ்வினைக்கு ஏறிச் செலுத்துதல் என்ற பொருளும் இருந்தது. அக்கால வீரன் குதிரையை ஊர்ந்தான், தேரை ஊர்ந்தான். வண்டியைக் குறிக்கும் 'ஊர்தி'யும், விமானத்தைக் குறிக்கும் 'வானூர்தி'யும் அவ்வினையிலிருந்து பிறந்தவை. ஆனால் 'ஊர்வலம்' அதன் பிள்ளை அன்று. ஊரை வலமாகச் சுற்றிவருவது ஊர்வலம். அஃது இடப்பெயராகிய ஊரிலிருந்து வந்தது. பெயரும் வினையும் ஓர் ஒலியே பெற்றிருப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒன்று ஓரிடத்தில் நிலைத்து நிற்பது. மற்றொன்று நில்லாமல் நகர்வது. வெளிமாநிலத் தமிழருக்கு இவ்விரண்டுமே பழக்கமானவைதாம்.

இனிப் பெயர்ச்சொல்லுக்கு வருவோம். ஊர் என்றால் மக்கள் குடியிருக்கும் இடம். அதன் அளவு பெரிதா, சிறிதா என்பதைப் பற்றி இச்சொல்லுக்குக் கவலை இல்லை. நாற்பது வீடுகள் உள்ள குடியிருப்பும் ஊர்தான். கோடி மக்கள் நெருங்கி வாழும் மாநகரும் ஊர்தான். கிராமம் என்றும் நகரம் என்றும் பிரித்துப் பேசும் வழக்கம் நமக்கு உண்டு எனினும், "சென்னை பெரிய ஊர்" என்று சொல்வதற்கு யாரும் தயங்குவதில்லை. அளவு குறிக்க வேண்டிய இடத்தில் முன்னோர் அடைமொழி சேர்த்தனர். பெரியது பேரூர், பழையது மூதூர், சிறியது சீறூர், புதிதாக எழுந்தது புத்தூர். அக்காலச் சொற்கள் இன்றும் ஆட்சியில் பயன்படுகின்றன. தமிழ்நாட்டில் சிற்றூர்களை ஆளும் அமைப்பு ஊராட்சி எனப்படுகிறது. அதனினும் பெரிய ஊர்களுக்குப் பேரூராட்சி அமைந்துள்ளது.

பழைய அகப்பொருள் மரபில் ஊர் என்பது சிறப்பாக மருத நிலத்துக்கு, அதாவது வயலும் வாய்க்காலும் சூழ்ந்த நிலத்துக்கு உரியது. மலைநிலத்தார் வாழ்ந்த இடம் சிறுகுடி. காட்டுநிலத்தார் வாழ்ந்த இடம் பாடி. கடற்கரையார் வாழ்ந்த இடம் பாக்கம், பட்டினம். மருத நிலத் தலைவனை 'ஊரன்' என்றே புலவர்கள் அழைத்தனர். ஊரை உடையவன் ஊரன்.

இந்த 'ஊரன்' என்னும் சொல்லில் ஓர் எழுத்தை நீட்டிப் பாருங்கள். 'ஊரான்' என்றாகும். இன்றைய வழக்கில் ஊரான் என்றால் யார்? நமக்கு எவ்வித உறவும் இல்லாத அயலான். "ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்கிறது பழமொழி. "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்கிறது மற்றொன்று. 'ஊர்ப் பணம்' என்றால் பிறர் பணம். அன்று ஊருக்கு உரியவனைக் குறித்த சொல்லும், இன்று நமக்கு உரியவன் அல்லாதவனைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. 'நம் ஊர்' என்று சொல்லும்போது நெஞ்சோடு ஒட்டி நிற்கும் அதே சொல், 'ஊரான்' என்னும்போது வாசலுக்கு வெளியே நிற்கிறது. இதனை நினைவில் கொள்வோம், பின்னர் வேண்டியிருக்கும்.

அடுத்து, ஊர் என்பது இடத்தை விட்டு மக்களையே குறிப்பதும் உண்டு. 'ஊர் சிரித்தது' என்கிறோம். மண்ணும் மரமும் சிரிப்பதில்லை. அங்கு வாழும் மக்களே சிரிக்கின்றனர். இலக்கணத்தார் இதனை இடவாகுபெயர் என்பர். "ஊர் என்ன சொல்லும்?" என்று அஞ்சி ஒழுகுகிறோம், "ஊர் வாயை மூட உலைமூடி இல்லை" என்று சலித்துக்கொள்கிறோம். திருவிழாவில் ஊர் கூடித் தேர் இழுக்கிறது. "ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்" என்பதில் இரண்டுபடுவது நிலம் அன்று, மனங்களே. இரவு வெகுநேரம் ஆகி ஓசைகள் ஓய்ந்தால் 'ஊர் அடங்கிவிட்டது' என்கிறோம்; அங்கே ஊர் ஒரு கடிகாரம் ஆகிவிடுகிறது. அதே தொடரைக் கொண்டுதான் மக்கள் வெளியே நடமாடக் கூடாதென்று அரசு இடும் ஆணைக்கு 'ஊரடங்கு' என்று பெயரிட்டிருக்கிறோம். ஒருவனுக்கு அளவிறந்த வேலை இருந்தால் 'ஊர்ப்பட்ட வேலை' என்கிறோம். அங்கே ஊர் ஓர் அளவை ஆகிவிடுகிறது. ஒருத்தி உரக்கச் சண்டையிட்டால் 'ஊரைக் கூட்டுகிறாள்' என்கிறோம். வேலையின்றித் திரிபவன் 'ஊரைச் சுற்றுகிறான்'. அறிமுகம் இல்லாதவன் 'ஊர் பேர் தெரியாதவன்'. இத்தொடர்கள் அனைத்திலும் ஊர் என்பது பார்க்கும் கண்ணாகவும், பேசும் வாயாகவும், கூடும் கூட்டமாகவும் இருக்கிறதே அன்றி, வெறும் நிலமாக இல்லை.

இப்பொருள் புதிதாக வந்தது அன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் 'ஊர்' என்பது ஓர் ஆட்சி மன்றத்தின் பெயராகவே வழங்கிற்று. அந்தணர்க்கு அளிக்கப்பட்ட பிரமதேய ஊர்களில் கூடிய மன்றம் 'சபை'. வணிகர் மன்றம் 'நகரம்'. உழுகுடிகளான நிலவுடைமையாளர் வாழ்ந்த ஊர்களில் கூடிய மன்றம் 'ஊர்'. உத்தரமேரூர்ச் சபையின் உறுப்பினரைக் குடவோலை வாயிலாகத் தேர்ந்தெடுக்கும் விதிகளை முதற்பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும், கல்லில் பொறித்தார்கள் என்பதை வரலாறு படித்தோர் அறிவர். இம்மன்றங்கள் நிலம் விற்றபோதும், கோயிலுக்குக் கொடை அளித்தபோதும், வரி நீக்கியபோதும் எப்படிக் கையொப்பம் இட்டன தெரியுமா? சபை 'சபையோம்' என்றது. நகரம் 'நகரத்தோம்' என்றது. ஊர் 'ஊரோம்' என்றது. 'ஊராகிய நாங்கள்' என்பது அதன் பொருள். ஊர் என்னும் இடப்பெயர் தன்மைப் பன்மை விகுதி பெற்று, தானே பேசத் தொடங்கிவிட்டது. மண்ணை ஊராக்குவது, அதன்மேல் நின்று 'நாங்கள்' என்று சொல்லும் மக்களே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இச்சொல் தமிழருக்கு மட்டும் உரியது அன்று என்பதையும் வெளிமாநிலங்களில் வாழும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். கன்னடத்திலும் தெலுங்கிலும் அது 'ஊரு' என்றே வழங்குகிறது. பெங்களூரில் வாழும் தமிழர், "நிம்ம ஊரு யாவுது?" என்று கன்னட நண்பர் கேட்கும்போது மொழிபெயர்ப்பின் உதவியை நாடுவதில்லை. கருநாடக அரசு 2014ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் பன்னிரண்டு நகரங்களின் பெயரைக் கன்னட ஒலிக்கு ஏற்பத் திருத்தியபோது, பெங்களூர் பெங்களூரு ஆயிற்று. மைசூர் மைசூரு ஆயிற்று. மங்களூர் மங்களூரு ஆயிற்று. கன்னடத்து ஊர் தன் ஈற்று உகரத்தைத் திரும்பப் பெற்றது. ஆந்திரத்து நெல்லூரும் குண்டூரும், கேரளத்துக் கண்ணூரும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. திருச்சூரின் பழம்பெயர் திருச்சிவப்பேரூர் என்பது; ஆகவே அதனுள் ஊர் மட்டும் அன்றிப் பேரூரே ஒளிந்திருக்கிறது. ஆயினும் மலையாளிகள் பிறந்த இடத்தைச் சொல்லும்போது 'நாடு' என்ற சொல்லையே விரும்புவர். "நாட்டில் போகிறேன்" என்றால் அவர்கள் ஊருக்குப் போகிறார்கள் என்று பொருள்.

இங்கு ஒரு மயக்கத்தையும் நீக்கிவிடுவோம். வடக்கே செல்லும் இரயிலில் அமர்ந்து நாக்பூர், ராய்ப்பூர், கான்பூர், ஜபல்பூர் என்று நிலையப் பலகைகளைப் படித்துவரும் குழந்தை, "இவை எல்லாம் ஊர் என்று முடிகின்றனவே, இங்கும் தமிழர் இருந்தனரோ?" என்று வினவலாம். இல்லை. அப்பெயர்களின் ஈற்றில் நிற்பது 'புரம்' என்னும் வடசொல்லின் திரிபு. காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் நாம் காணும் சொல்லேதான் அது. இரண்டு சொற்களும் வேறு. ஆனால் பொருளால் ஒன்றுக்கொன்று அண்டை வீட்டார். ஊர்ப்பெயர்களில் இத்தகைய இன்பம் கருதுவோர், பேராசிரியர் ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் எழுதிய 'தமிழகம் ஊரும் பேரும்' என்னும் நூலைத் தேடிப் படித்தல் நன்று.

இனி, அச்சிறுமியின் கேள்விக்கு நெருங்கி வருவோம். "ஊருக்குப் போகிறேன்" என்னும் தொடரில் ஊர் என்பது எந்த ஊரையும் குறிப்பதில்லை. சொந்த ஊரையே குறிக்கிறது. பெயர் சொல்லாமலே பெயர் விளங்கும் ஆற்றல் அத்தொடருக்கு உண்டு. இவ்வழக்கம் பிறரிடத்தும் இருக்கிறது. மராட்டியர் 'காவ்' என்னும் சொல்லையும், மும்பையில் உழைக்கும் வடவர் 'முலுக்' என்னும் சொல்லையும் இவ்வாறே ஆள்கின்றனர். வங்காளியர் 'தேஷ்' என்பர். தேசம் என்ற பெரிய சொல், கொல்கத்தாவின் வீட்டு முற்றத்தில் சொந்தக் கிராமமாகச் சுருங்கி நிற்கும். ஆகவே, தன் ஊரை நினைந்து ஏங்குபவர் நாம் மட்டும் அல்லர். நம் அடுத்த வீட்டுக்காரரும் அவ்வாறே ஏங்குகிறார், சொல்தான் வேறு.

ஆனால் அரசாங்கப் படிவம் இந்த நெகிழ்ச்சியை அறியாது. பிறந்த இடம் ஒரு கட்டம். நிரந்தர முகவரி ஒரு கட்டம். இப்போதைய முகவரி ஒரு கட்டம். மத்திய அரசு ஊழியர், விடுப்புப் பயணச் சலுகை பெறுவதற்குத் தம் சொந்த ஊர் எது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருமுறை எழுதிக் கொடுத்ததை எளிதில் மாற்ற இயலாது. படிவத்துக்கு ஓர் ஊர் போதும். மனிதனுக்கோ, தமிழ் பல ஊர்களை அனுமதித்திருக்கிறது. பிறந்த ஊர், வளர்ந்த ஊர், பூர்விக ஊர், படித்த ஊர், பிழைக்க வந்த ஊர் என்று எத்தனை அடைமொழிகள்! திருமணமான பெண்ணுக்கு வாழ்க்கைப்பட்ட ஊர் என்று ஒன்று சேர்கிறது. அவள் பிறந்த ஊரை விட்டு வந்தவள் என்பதற்காக வாழ்க்கைப்பட்ட ஊர் அவளுடையது அன்று என்று யாரும் சொல்வதில்லை; வாழ்க்கைப்பட்ட ஊரில் வேரூன்றினாள் என்பதற்காகப் பிறந்த ஊரை மறக்க வேண்டும் என்று யாரும் கேட்பதும் இல்லை. பெண்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருக்கும் இவ்வுண்மையை, அயல் மாநிலத்தில் குடியேறிய ஆண்மக்கள் காலந்தாழ்ந்தே கற்றுக்கொள்கின்றனர்.

"உங்களுக்கு எந்த ஊர்?" என்னும் கேள்விக்கு நாம் தரும் விடையும் கேட்பவரைப் பொறுத்து மாறுவதைக் கவனிக்கலாம். நாம் கூறிய குடும்பத் தலைவரையே எடுத்துக்கொள்வோம். இந்திக்காரர் கேட்டால் தமிழ்நாடு என்பார். மதுரைக்காரர் கேட்டால் நாகர்கோவில் என்பார். நாகர்கோவில்காரர் கேட்டால்தான் அந்தச் சிற்றூரின் பெயர் வெளிவரும். கேட்பவர் நெருங்க நெருங்க ஊர் சிறுத்துக்கொண்டே வருகிறது. இதில் மற்றொரு செய்தியும் உண்டு. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரையில் நாகர்கோவில் வட்டாரம் திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியத்தைச் சேர்ந்திருந்தது. அன்றுதான் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அம்மாநிலம் 1969ஆம் ஆண்டில் தமிழ்நாடு என்று பெயர் பெற்றது. ஆச்சியின் இளமையில் இராச்சியம் மாறியது. மாநிலத்தின் பெயரும் மாறியது. ஊர் மட்டும் ஓரடியும் நகராமல் அங்கேயே இருந்தது. ஆட்சி எல்லைகளைவிட ஊர் மனிதனுக்கு ஏன் நெருங்கியது என்பது இதனால் விளங்கும்.

ஊரின்மேல் தமிழர்க்கு உள்ள பற்றுக்கு வானொலி ஒரு நல்ல சான்று. இசைக் கலைஞர்களின் பெயரை அறிவிக்கும்போது ஊரே முதலில் ஒலிக்கும். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், செம்பை வைத்தியநாத பாகவதர், காருக்குறிச்சி அருணாசலம் என்று கேட்டுப் பழகிய செவிகளுக்கு, அரியக்குடியும் காருக்குறிச்சியும் வரைபடத்தில் எங்கிருக்கின்றன என்று தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவ்வூர்கள் அன்னியம் அல்ல. சங்கப் புலவர்களும் அப்படியே. கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார், மாங்குடி மருதனார் என ஊரைத் தாங்கியே அவர்கள் பெயர்கள் நிலைத்துள்ளன.

எனினும், ஊரைப் பற்றி இனிமையானவற்றை மட்டும் சொல்லி முடித்தால் நாம் முழு உண்மையையும் சொன்னவர்கள் ஆகமாட்டோம். தமிழகத்தின் பல சிற்றூர்களில் 'ஊர்' என்றும் 'சேரி' என்றும் இரண்டு பகுதிகள் இருந்துவந்துள்ளன. ஒரே கிராமத்தில் வாழ்ந்தும், ஒரு சாரார் தம் தெருக்களை மட்டும் ஊர் என்றனர். வயலில் உழைத்த மற்றொரு சாராரை ஊருக்குப் புறத்தே நிறுத்தினர். சேரி என்னும் சொல் தொடக்கத்தில் எவ்வித இழிவும் இல்லாதது. மக்கள் சேர்ந்து வாழும் பகுதி என்பதே அதன் பொருள். உத்தரமேரூர்க் கல்வெட்டே, அந்தணர் வாழ்ந்த அவ்வூரில் பன்னிரண்டு சேரிகள் இருந்ததைக் குறிக்கிறது. சொல் பிழை செய்யவில்லை; மனிதர் செய்தனர். கட்டுப்பாட்டை மீறியவர் என்று சிலரை 'ஊர் விலக்கு'ச் செய்த கொடுமையும் இச்சொல்லின் வரலாற்றில் சேர்ந்ததுதான். "எந்த ஊர்?" என்று அன்பாகத் தொடங்கும் பேச்சு, "அங்கே எந்தத் தெரு?" என்று தொடரும்போது, அதனுள் வேறொரு கேள்வி ஒளிந்திருப்பதை நம்மில் பலர் உணர்ந்திருக்கிறோம். ஊர் தம்மை ஊராகக் கொள்ளாத காரணத்தால் ஊரை விட்டு வந்தவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு, வந்து சேர்ந்த மாநகரமே முதன்முதலாகக் கிடைத்த ஊர்.

வந்த இடத்தில் மட்டும் இச்சொல்லின் கூர்முனை மழுங்கிவிடும் என்பதும் இல்லை. "ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம்" என்னும் பழமொழி நம் மொழியிலேயே உள்ளது. நம் ஊரில் புதிதாக வந்தவரைப் பார்த்து நாம் சொன்ன சொல் அது. வேற்றூரில் நம்மைப் பார்த்து அதே கருத்தைப் பிறர் சொல்லும்போது மனம் நோகிறது. அவ்வேளையில் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ளலாம். இந்தியாவின் எப்பகுதியிலும் வசிக்கவும் குடியேறவும் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்று அரசியலமைப்பின் 19ஆம் விதி கூறுகிறது. இது சட்டம் தரும் உறுதி. மற்றொன்று நம் கையில் உள்ளது. வாழும் ஊரின் மொழியைப் பேசுவதும், அதன் திருநாளில் கலந்துகொள்வதும், அதன் குடிநீர்ச் சங்கடத்தையும் தெருவிளக்கையும் நம் கவலையாகக் கொள்வதும் நம்மை 'ஊரார்' நிலையிலிருந்து 'ஊரோம்' என்னும் நிலைக்குக் கொண்டுவருவன. உரிமை குடியிருக்க இடம் தரும்; பங்கெடுத்தலே ஊரைத் தரும்.

எல்லா இடங்களும் தமக்கு ஊரே என்றும், எல்லா மக்களும் தம் உறவினரே என்றும் பாடிய சங்கப் புலவரை எல்லோரும் அறிவர். புறநானூற்றின் 192ஆம் பாட்டு அது. அப்புலவரின் பெயர் கணியன் பூங்குன்றனார். கணியன் என்பது காலம் கணித்துக் கூறும் அவர் தொழிலைக் காட்டுகிறது. பூங்குன்றன் என்பதோ, பூங்குன்றம் என்னும் ஊரினர் அவர் என்பதைக் காட்டுகிறது. அவ்வூர் இன்றைய சிவகங்கை மாவட்டத்து மகிபாலன்பட்டி என்பர். உலகம் முழுவதையும் ஊராகக் கண்ட பெரியார், தம் சொந்த ஊரின் பெயரைத் துறந்தார் அல்லர். ஓர் ஊரை உளமார நேசித்தவரே மற்ற ஊர்களையும் ஊராகக் கருத வல்லவர் என்று நாம் இதனைக் கொள்ளலாம்.

இனி, சிறுமிக்கு என்ன விடை சொல்வது? விடை தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது. இந்தியில் 'ஹமாரா' என்னும் ஒரே சொல்லால் சொல்வதைத் தமிழ் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. கேட்பவரை விலக்கிச் சொன்னால் 'எங்கள்'. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'நம்'. தில்லித் தோழியிடம் பேசும்போது தில்லி 'நம் ஊர்'. ஆச்சியின் சிற்றூர் 'எங்கள் ஊர்'. ஆச்சியிடம் பேசும்போது சிற்றூர் 'நம் ஊர்'. தில்லி 'எங்கள் ஊர்'. இரண்டும் ஊர்தான். ஒன்றை மெய்யென்று கொள்வதற்காக மற்றொன்றைப் பொய்யாக்க வேண்டுவதில்லை. யாரோடு நின்று பேசுகிறோம் என்பதுதான் சொல்லை மாற்றுகிறது.

தந்தையார் இதனையே மகளுக்கு எடுத்துரைத்தார். நுணுக்கம் முழுவதும் விளங்கிற்றோ இல்லையோ, அவள் ஆச்சிக்கு இரண்டாம் கடிதம் எழுதினாள். எழுத்துப் பிழை ஏதும் இல்லை. "ஆச்சி, மே மாதம் எங்கள் ஊரில் வெயில் அதிகம். அதனால் நாங்கள் நம் ஊருக்கு வருகிறோம்" என்றிருந்தது.

நம் குழந்தைகளுக்குத் தமிழில் ஆயிரம் சொற்களைக் கற்பிக்க நமக்கு நேரம் வாய்க்காமல் போகலாம். இவ்வொரு சொல்லையேனும், அதன் முன் நிற்கும் 'எங்கள்', 'நம்' என்னும் இரண்டோடும் சேர்த்துக் கற்பிப்போம். எந்த மாநிலத்தில் பிறந்த பிள்ளையானாலும், "உனக்கு எந்த ஊர்?" என்று கேட்கும்போது திகைத்து நில்லாமல், இரண்டு ஊர்களின் பெயரை நிமிர்ந்து சொல்லட்டும்.